மரீசிக்குப் பக்கத்தில் ஒரு சுழி

எம் 51 என்ற பேரடையை, அதாவது நம் பால்வீதி போன்ற இன்னொரு பெரிய நட்சத்திரக் கூட்டத்தை, நேரில் பார்த்தவர்கள் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தது யாழ்ப்பாணத்தில் மணற்காடு என்ற ஊரில், சித்திரை அமாவாசைக்கு முதல் நாள் இரவு. சித்தப்பாவின் மகன் 8 அங்குலத் தொலைநோக்கி கொண்டுவந்திருந்தான். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கிற மரீசி நட்சத்திரத்தைப் பிடித்து, அங்கிருந்து மெல்ல நகர்த்தினான்.

எனக்குத் தெரிந்தது இரண்டு பஞ்சுத் துண்டுகள். படங்களில் வரும் சிவப்பு, நீலம் ஒன்றும் இல்லை.

"அண்ணா, நேர பாக்காதேங்கோ. கடைக்கண்ணால பாருங்கோ."

மங்கிய ஒளியைப் பிடிப்பதில் கண்ணின் நடுப்பகுதியைவிட ஓரம்தான் கெட்டியாம். சரியென்று பார்வையைச் சற்று விலக்கினேன். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது போயிருக்கும். அப்புறம் பெரிய துண்டின் ஒரு பக்கம் வளைந்தது, பாதி போட்ட கோலம் மாதிரி. ஒரு கணம்தான். திரும்ப மங்கிவிட்டது. சுமார் 3 கோடி ஒளியாண்டு தாண்டி வந்த வெளிச்சம் அது!

1773இல் மெசியே என்ற பிரெஞ்சு வானியலாளர் இதைக் கண்டபோது அவருக்கும் வெறும் புகைதான். அதன் சுருள் வடிவத்தை முதலில் கண்டவர் ரோஸ் பிரபு என்ற வானியலாளர், 1845இல், அயர்லாந்தின் பர் என்ற ஊரில். அவருடைய தொலைநோக்கியின் உலோக ஆடி 6 அடி அகலம். படக்கருவி எதுவும் இல்லாமல், கண்ணால் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்தார். அந்தப் படத்தையும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 2005இல் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதே சுருள் கைகள், ஒரு கையின் நுனியில் அதே சின்னத் துணைப் பேரடை. இது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்றுகூட அன்று யாருக்கும் உறுதியில்லை. அது தெளிய 1920கள் வரை ஆயிற்று. ஒரு வளைவைப் பிடிக்க நான் பட்ட பாட்டுக்குப் பிறகு, அந்த வரைபடத்தின் முன் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

*

தம்பி, நானும் யாழ்ப்பாணம்தான், கரவெட்டி. நீங்கள் எழுதியதை வாசித்ததும் 1994 ஞாபகம் வந்தது. அந்த ஏப்ரலில் எம் 51இல் ஒரு நட்சத்திரம் வெடித்ததை அமெரிக்காவின் அமெச்சூர் வானியலாளர்கள் கண்டுபிடித்தார்கள் என்று பிற்காலத்தில் படித்தேன். எங்களுக்கு அப்போது கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்குத்தான். அதையும் அணைத்துவிட்டு முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருப்போம். அப்பா ஏழு ரிஷிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். மரீசியில்தான் முடிப்பார்.