புதுப்பிப்பு: மருந்தியல் மாணவர்களுக்கான திறந்த பாடவளங்கள் – ஒரு திருத்தம், சில சேர்க்கைகள்

முந்தைய பதிவில் ஸ்டாட்பெர்ல்ஸ் (இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய மருத்துவக் கட்டுரைத் தொகுப்பு) கட்டுரைகளைத் தமிழாக்கி வகுப்புக் குறிப்பாகப் பகிரலாம் என்று எழுதியிருந்தேன். அது தவறு. அவற்றின் உரிமம் சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) பிஒய்-என்சி-என்டி 4.0: பிஒய் என்றால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், என்சி என்றால் வணிக நோக்கம் கூடாது. கடைசியில் உள்ள என்டிதான் சிக்கல்: மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றமே. படிக்கலாம், இணைப்புத் தரலாம், வணிக நோக்கமின்றி அப்படியே நகலெடுக்கலாம். அவ்வளவுதான். தமிழாக்கம் வேண்டுமென்றால் இலவசப் பாடநூல்களை வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸின் உடற்கூறு-உடலியங்கியல் நூலை (இரண்டாம் பதிப்பு, சிசி பிஒய் 4.0) எடுங்கள்; மூலத்தையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, மாற்றம் செய்ததையும் சொன்னால் போதும்.

இன்னொரு பொறி: பிஒய்-எஸ்ஏ படத்தையும் பிஒய்-என்சி-எஸ்ஏ படத்தையும் வெட்டி ஒட்டி ஒரே வரைபடமாக்க முடியாது. எஸ்ஏ என்றால் மாற்றியமைத்ததையும் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும்; இரண்டும் தத்தம் உரிமத்தையே கேட்கும்.

"டெய்லிமெட்டில் பாராசிட்டமால் சரியாகக் கிடைக்கவில்லை" என்று கேட்டிருந்தீர்கள். அது அமெரிக்க மருந்து விவரத்தாள்களின் தொகுப்பு. அங்கே பெயர் அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் அல்பியூட்டரால் ஆகும், அட்ரினலின் எபிநெஃப்ரின் ஆகும். பெயர்க் குழப்பம் வந்தால் முதலில் பப்கெம் என்ற வேதிப்பொருள் தரவுத்தளத்தில் சிஏஎஸ் எண்ணை (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்துத் தேடுங்கள் (பாராசிட்டமாலுக்கு 103-90-2). மாற்றுப்பெயர்ப் பட்டியல் அங்கேயே இருக்கும்.

பயிற்சிக் கணக்கிலும் ஒரு சேர்க்கை. 70%, 20% ஆல்கஹாலில் இருந்து 50% கரைசல் 500 மி.லி. வேண்டும்: வித்தியாசங்களைக் குறுக்காக எடுத்தால் (50−20=30, 70−50=20) விகிதம் 30:20, அதாவது 70% கரைசல் 300 மி.லி.யும் 20% கரைசல் 200 மி.லி.யும். தாளில் சரி. ஆய்வகத்தில் கலவை சற்றுச் சுருங்கும், 500 தேறாது.