கஷாயம் வடிகட்டித்தானே குடிக்கிறோம், லேப் டெஸ்ட் எதுக்கு?

அம்பத்தூர்_லேப்:
"மூலிகைக்கு லேப் டெஸ்ட் கேக்குறது நம்ம வைத்தியத்தை அழிக்கிற சதி, நல்ல சரக்கு எதுன்னு நாக்கே சொல்லும்"னு நேத்து பாரிமுனை அண்ணன் போட்டதை படிச்சதுல இருந்து மனசே ஆறல. பதினோரு வருஷமா மூலிகை சரக்கை டெஸ்ட் பண்றதுதான் என் பொழப்பு. நாக்கு கசப்பு சொல்லும், காரம் சொல்லும். ஈயத்தை சொல்லுமா? உலர்ந்த சரக்குல ஈயம் 10 பிபிஎம் (அதாவது பத்து லட்சத்துல 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3, இதுக்கு மேல இருக்கக்கூடாது. இதுல எதுக்காச்சும் ருசி இருக்கா அண்ணே?

பாரிமுனை_சரக்கு:
மூணு தலைமுறையா கடை வெச்சிருக்கோம் தங்கச்சி. எங்க தாத்தா கிட்ட எந்த மிஷினும் கிடையாது. நீ சொல்ற 10 பிபிஎம் பொடியில பாத்த கணக்கு. பொடியை யாரு திங்கிறா? நிலவேம்பு குடிநீரை காய்ச்சி வடிகட்டித்தானே குடிக்கிறோம், சக்கையை குப்பையில தானே கொட்டுறோம்? அஞ்சு கிராம் பொடியில நீ சொல்ற உச்ச வரம்பே இருந்தாலும் 50 மைக்ரோகிராம். அதுலயும் பாதி சக்கையோட போயிடும்.

அம்பத்தூர்_லேப்:
பாதி போயிடும்னு யாரு அளந்தது? அளக்கறதுக்குப் பேருதான் டெஸ்ட்! ஒரு தடவை வந்த கோரைக்கிழங்கை சொல்றேன். பாக்க நல்லா கருப்பா, வாசனையா இருந்துச்சு, உங்க நாக்கு நூத்துக்கு நூறு போட்டிருக்கும். ஃபர்னஸ்ல எரிச்சு, சாம்பலை ஆசிட்ல கொதிக்க வெச்சு வடிகட்டி, மறுபடி எரிச்சா க்ரூசிபிள், அதான் எரிக்கிற கிண்ணம், அதோட அடியில மிச்சம் நிக்குது. கம்பியால கிளறினா நறநறங்குது. அத்தனையும் மணல். அந்தக் கிழங்கோட நார்ல மண்ணு அப்படி ஒட்டியிருக்கும், கழுவாம காய வெச்சுட்டாங்க. ரோட்டோரம் பிடுங்கினதா, சாக்கடையோரம் பிடுங்கினதா, அந்த மண்ணுல என்ன இருக்குன்னு நாக்கு சொல்லுமா?

பாரிமுனை_சரக்கு:
மணலும் சக்கையோட தான் போகும். வடிகட்டித்தானே குடிக்கிறோம்.

தாம்பரம்_சித்தா:
அண்ணே, நான் சித்தா படிக்கிற பையன். கொதிக்கும்போது ஈயம் கொஞ்சம் தண்ணில இறங்கத்தான் செய்யும், எவ்ளோன்னு சரக்கைப் பொறுத்து மாறும். ஆனா அக்கா, நீங்க பாதரசம்னு பொதுவா போட்டா பாதரசம் போட்டு செய்யிற எங்க ரசமருந்தையும் சேர்த்து அடிக்கிற மாதிரி இருக்கு. நஞ்சு போக சுத்தம் பண்ணி வேணும்னே சேர்க்கிறது வேற, தெரியாம கலந்து வர்றது வேற.

அம்பத்தூர்_லேப்:
நான் ரசமருந்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல தம்பி. மூலிகைன்னு சொல்லி விக்கிறதை மட்டும் பேசறேன்.

பாரிமுனை_சரக்கு:
இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. 2004ல அமெரிக்காக்காரன் ஒரு ஆராய்ச்சி போட்டான், நம்ம ஆயுர்வேத மருந்து 70ல 14ல உலோகம்னு. உலகம் பூரா நம்ம பேரு நாறுச்சு. அதெல்லாம் பாஸ்டன் கடையில வாங்குனது, எங்க கடையில இல்ல.

அம்பத்தூர்_லேப்:
பாஸ்டன் கடைக்கு அது எங்கிருந்து போச்சு? நம்ம பக்கத்துல இருந்து தானே! அதுக்கப்புறம்தான் 2006 ஜனவரில இருந்து ஏற்றுமதி ஆகுற மூலிகை மருந்துக்கு ஈயம், பாதரசம் மாதிரி கன உலோக டெஸ்ட் கட்டாயம்னு நம்ம அரசாங்கமே கொண்டு வந்துச்சு. வெள்ளைக்காரன் குடிக்கிறதுக்கு டெஸ்ட், எங்க பாட்டி குடிக்கிறதுக்கு உங்க நாக்கா?

வடபழனி_மாமி:
நடுவுல நான் ஒண்ணு கேக்கறேன். போன தீபாவளிக்கு இதே அண்ணா கிட்டதான் லேகியப் பொடி வாங்கினேன். மிளகு வாசனையே இல்ல. பப்பாளி விதையா இருக்குமோன்னு அப்பவே சந்தேகம். கேட்டதுக்கு பதிலே வரல.

பாரிமுனை_சரக்கு:
மாமி, முழு மிளகு வாங்கி தண்ணில போட்டு பாருங்க. பப்பாளி விதை மிதக்கும், மிளகு முங்கும். இதுக்கு லேப் வேணாம். உங்களுக்கு பாக்கி 40 ரூபா இருக்கு, அதை முதல்ல குடுங்க.

வடபழனி_மாமி:
பாக்கியை இங்கயா கேப்பீங்க? அதை அன்னைக்கே குடுத்தாச்சு!

அம்பத்தூர்_லேப்:
முத்தாத மிளகும் மிதக்கும் அண்ணே. அதோட மாமி வாங்கினது பொடி, பொடியை எப்படி மிதக்க விடுவீங்க? மைக்ரோஸ்கோப்ல பாத்தாதான் தெரியும். அதை விடுங்க, திரிகடுகம் விக்கிறீங்கல்ல? சுக்கு, மிளகு, திப்பிலி பொடியை தேன்ல குழைச்சு அப்படியே நக்குறோம். அதுல சக்கை எங்க? எதை வடிகட்டுறது? மூணாவது தடவையா கேக்குறேன்.

பாரிமுனை_சரக்கு:
இப்பதான் முதல் தடவையா கேக்குற தங்கச்சி. பேச்சு குடிநீரைப் பத்தி. வடிகட்டித்தானே குடிக்கிறோம், அதுக்கு பதில் சொல்லு.

அம்பத்தூர்_லேப்:
முதல்ல இந்த தங்கச்சியை நிறுத்துங்க. எனக்கு 43 வயசு. அடுத்து, உங்க கடை கோரைக்கிழங்கு நூறு கிராம் அனுப்புங்க. பொடி, கஷாயம், சக்கை மூணையும் தனித்தனியா பாத்து நம்பரை இங்கயே போடறேன். ஒரு பைசா வேணாம்.

தாம்பரம்_சித்தா:
இது நியாயமா இருக்கே அண்ணே, அனுப்புங்களேன்.

பாரிமுனை_சரக்கு:
என் சரக்கை நான் எதுக்கு உங்க லேப்புக்கு தரணும்? எங்க தாத்தா காலத்துல இருந்து வடிகட்டித்தான் குடிக்கிறோம்.

வடபழனி_மாமி:
40 ரூபா நான் குடுத்துட்டேன். நோட்டை எடுத்து பாருங்கோ.