புதுப்பிப்பு: கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது, அழுத்தமும் மூக்கு எண்ணெயும்

பச்சிளம் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதால் என்ன பலன் என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் கீழ் அதிகம் வந்த கேள்வி, எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதுதான்.

வருடினால் மட்டும் போதாது. குழந்தைக்குக் கூச்சம் வந்து உடம்பை முறுக்கும். விரல் பட்ட இடத்தில் தோல் லேசாக அமுங்கி உடனே மேலெழ வேண்டும், அதுதான் சரியான அளவு. 1986-ல் அமெரிக்காவின் மியாமியில் உளவியலாளர் டிஃபனி ஃபீல்டு குழுவினர் குறைமாதக் குழந்தைகளுக்குத் தினம் மூன்று வேளை, 15 நிமிடம் வீதம் 10 நாள் தேய்த்துப் பார்த்தார்கள். மற்ற குழந்தைகளைவிட எடை 47 சதவீதம் கூடுதலாக ஏறியது. மிதமான அழுத்தம், மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டி இரைப்பை அசைவைக் கூட்டுகிறது என்பது அவர்கள் பின்னர் தந்த விளக்கம்.

பால் குடித்து முக்கால் மணி நேரமாவது போகட்டும், இல்லாவிட்டால் கக்கிவிடும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினால் போதும். வயிற்றில் மட்டும் கடிகாரச் சுற்றில் தேயுங்கள், பெருங்குடல் போகும் திசை அதுதான். கடுகெண்ணெய் வேண்டாம், தோலின் மேலடுக்கைக் கெடுக்கும். காய்ச்சல் இருந்தால் அன்று விட்டுவிடுங்கள்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடச் சொல்லும் பெரியவர்களிடம் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். மூக்கில் விடும் எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். குழந்தையின் மார்பு வீங்கியிருந்தால் அதைப் பிதுக்கிப் பால் எடுப்பதும் கூடாது, சீழ் கட்டும். பிதுக்காமல் விட்டால் அந்த மார்பு வீக்கம் சில வாரங்களில் தானாகவே வடியும்.