போலீஸ்காரங்க அடிபடாம இருக்க சைக்காலஜில ஏதாச்சும் வழி இருக்கா?

கலா_காரைக்குடி:
எங்க வீட்டுக்காரர் ஏட்டு. போன வாரம் ராத்திரி புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு போன் வந்து போனாரு, அந்தாளு பாட்டில உடைச்சு வீசுனதுல கையில தையலோட வந்து நிக்கிறாரு. போன உடனே ஒரு அதட்டு போட்டாத்தான் அடங்குவாங்கன்னு இவர் சொல்றாரு, எனக்கென்னமோ அதட்டுனதாலதான் அவன் பாட்டில எடுத்தான்னு தோணுது. சிராவயல் மஞ்சுவிரட்டு பந்தோபஸ்துக்குக்கூட நான் இவ்ளோ பயந்ததில்ல. இதப்பத்தி யாராச்சும் ஆராய்ச்சி பண்ணிருக்காங்களா?

மீனா_கவுன்சிலர்:
பண்ணிருக்காங்கக்கா, எப்பவோ. மார்ட்டன் பார்ட்னு ஒரு சைக்காலஜிஸ்ட், தானே முன்னாடி போலீஸா இருந்தவரு, 1967ல நியூயார்க் ஹார்லெம்ல 18 போலீஸ்காரங்களுக்கு குடும்பச் சண்டையில எப்படி நடந்துக்கணும்னு பயிற்சி குடுத்தாரு, நடிகர்கள வச்சு சண்டை போட வச்சு நடுவுல இவங்கள இறக்கிவிட்டாரு. அப்புறம் ஓக்லாந்துல ஹான்ஸ் டோக்னு ஒருத்தர், அடிக்கடி கைகலப்புல மாட்டுற போலீஸ்காரங்களையே உக்கார வச்சு எந்த வார்த்தையில சண்டை முத்துச்சுன்னு அவங்களையே ஆராய வச்சாரு. எனக்கு இதுதான் பெருசா படுது, ஏன்னா அடிதடி ஒருத்தன்கிட்ட இருந்து மட்டும் வர்றதில்ல, ரெண்டு பக்கமும் மாறி மாறி ஏத்திவிட்டுத்தான் வருது. அண்ணன்கிட்ட தப்பு யாருதுன்னு கேக்காதீங்க, பாட்டில எடுக்குறதுக்கு முந்தி யார் என்ன பேசுனாங்கன்னு மட்டும் கேளுங்க.

ரிட்டயர்டு எஸ்ஐ, தேவகோட்டை:
தங்கச்சி, உள்ள போனதும் அடுப்படிப் பக்கம் யாரையும் விடக்கூடாது, அருவாமனை அங்கதான் கிடக்கும். நம்ம ஊரு வீடுங்க நீளம், அது நமக்கு வசதி. அவன முகப்புத் திண்ணைக்குக் கூட்டியாந்து உக்கார வச்சுட்டு, அந்தப் பொண்ண ரெண்டாங்கட்டுல இருக்கச் சொன்னா மூஞ்சி பாக்காமலே பாதி வேகம் தணிஞ்சிரும். ஒரு ஆளுதான் பேசணும், கூட வந்தவரு அவன் கையிலயே கண்ணு வச்சுக்கணும், தனியா போகவே கூடாது. பங்காளிங்க கூடி நின்னா மானப்பிரச்சினை ஆயிரும், மொதல்ல அவங்கள வெளிய அனுப்பணும். அதுக்காக அடிபட்ட பொண்ணோட புகார எழுதி வாங்காம சமாதானம் பேசி விட்டுட்டு வர்றது மகா தப்பு.

செல்வம்_பள்ளத்தூர்:
எதிராளி மனநிலை சரியில்லாதவரா இருந்தா வேற கணக்கு. 2017 மனநலச் சட்டம் 100வது பிரிவுப்படி லாக்கப்புல வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும். அமெரிக்காவுல மெம்பிஸ்ல 1988லயே இதுக்குன்னு தனி டீம் போட்டாங்க, 40 மணி நேரப் பயிற்சி.

கலா_காரைக்குடி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஐயா சொன்னத அப்படியே படிச்சுக் காட்டுனேன், பேசாம கேட்டுக்கிட்டாரு. ராத்திரி தூக்கமே இல்ல அவருக்கு, யார்கிட்ட பேசச் சொல்றது?

மீனா_கவுன்சிலர்:
14416 அடிங்கக்கா, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க. தூக்கமில்லாம டியூட்டிக்குப் போனா கோவம் சட்டுனு வரும், அதனால இத தள்ளிப்போடாதீங்க.