மிரட்டிப் பணம் கேட்கிறார்கள், வீட்டுக் கணினியும் ஹேக் ஆகியிருக்கிறது: எதை முதலில் செய்வது?

மலைக்கோட்டை23 கேட்டது:

வணக்கம் நண்பர்களே. சித்தப்பா மகளுக்காகக் கேட்கிறேன். வயது 19, கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு டெஸ்க்டாப், விண்டோஸ் 11. அதில் அவள் தம்பி ஏதோ கேம் மோட் (கேமை மாற்றி அமைக்கும் ஃபைல்) இறக்கியிருக்கிறான். ரெண்டு நாள் கழித்து டெலிகிராமில் ஒருத்தன் வந்து, அவள் ஃபோட்டோ ஃபோல்டரின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அவள் மட்டும் வைத்திருந்த சில தனிப்பட்ட படங்களையும் அனுப்பினான். கல்லூரி நண்பர்கள் பட்டியலும் அவனிடம் இருக்கிறது. பயத்தில் 3,000 ரூபாய் யுபிஐ-யில் போட்டுவிட்டாள். இப்போது 25,000 கேட்கிறான், நாளை இரவு வரை கெடு.

சித்தப்பா பணத்தைக் கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார். தம்பி கணினியை ஃபார்மேட் அடிக்கத் தயாராக நிற்கிறான். போலீஸுக்குப் போனால் படம் வைத்திருந்ததற்கு அவள் மேலேயே கேஸ் வருமோ என்று சித்தி பயப்படுகிறார். எங்கே தொடங்குவது?

நீதிப்படி சொன்னது:

சித்தியின் பயத்துக்கு முதலில் பதில். வயது வந்த ஒருவர் தன்னுடைய படத்தைத் தன் கணினியில் வைத்திருப்பது குற்றமே இல்லை. குற்றம் செய்தவன் திருடியவன், மிரட்டியவன். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவு மிரட்டிப் பணம் பறிப்பதற்கு, 351 குற்றமுறு மிரட்டலுக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் கணினிக்குள் நுழைந்ததற்கு 66, அடுத்தவர் கடவுச்சொல்லைப் பயன்படுத்தியதற்கு 66சி. படத்தை வெளியிட்டால் அதன் தன்மையைப் பொறுத்து 66இ, 67, 67ஏ.

பணம் வேண்டாம். 3,000 வாங்கியவன் 25,000 கேட்கிறான். 25,000 கொடுத்தாலும் படத்தின் நகல் அவனிடம்தான் இருக்கும், அடுத்த கெடுவும் வரும். கெடு வைப்பதே வீட்டில் உட்கார்ந்து யோசிக்க விடக்கூடாது என்பதற்காக.

இந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். போன பணம் சின்னத் தொகை என்று விடாதீர்கள். பணம் போன கணக்கை முடக்க நேரம் முக்கியம், தாமதித்தால் நாலு கணக்கு தாண்டிப் போய்விடும். அவர்கள் கேட்பது: எந்த வங்கி, எந்த யுபிஐ ஆப், தேதி, தொகை, யுடிஆர் என்ற 12 இலக்கப் பரிவர்த்தனை எண். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் அந்த எண் இருக்கும். டெலிகிராம் பெயரை அவன் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவான். பணம் போன யுபிஐ ஐடி ஒரு வங்கிக் கணக்கில்தான் முடியும், அந்தக் கணக்கு இரவல் கணக்காக இருந்தாலும் காவல்துறை பிடித்துக்கொண்டு போக ஒரு நூல் அது.

அன்றே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்ற பிரிவில் பெயர் சொல்லாமல் புகார் தரும் வழியும் உண்டு. ஆனால் அப்படித் தந்தால் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பின்தொடர முடியாது. இங்கே பணமும் போயிருப்பதால் பெயரோடு தருவதுதான் சரி. பிறகு உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று யாராவது சொன்னால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-ஆம் பிரிவின்படி குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆதாரம்தான் எல்லோரும் கோட்டை விடும் இடம். டெலிகிராமில் அவன் தன் பக்கத்தில் அழித்தால் உங்கள் பக்கத்திலும் மறையும்படி செய்ய முடியும். எனவே பதில் போடுவதற்கு முன்பே, பிளாக் செய்வதற்கு முன்பே, உரையாடலை மேலிருந்து கீழ்வரை ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுங்கள். அவன் ப்ரொஃபைல் பக்கம், யூசர்நேம், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். சீக்ரெட் சாட் என்றால் பல ஃபோன்களில் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க விடாது. அப்போது இன்னொரு ஃபோன் கேமராவில் படம் எடுங்கள். இவற்றை வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் சுருங்கி, கூடவே இருக்கும் தகவலும் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். எடுத்த ஃபோனையும் பத்திரமாக வைக்க வேண்டும். மின்னணு ஆதாரத்துக்கு சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் கேட்பார்கள், அதில் சாதனத்தின் விவரம் வரும்.

அதன் பிறகு அவனுக்குப் பதிலே வேண்டாம். "போலீஸில் சொல்லிவிட்டோம்" என்றுகூட எழுத வேண்டாம். அரட்டையை அழிக்காமல் மியூட் செய்து, ஃபோனை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். புது யுபிஐ ஐடி அனுப்பினால் அதுவும் ஆதாரம். அந்தப் பெண் அவன் எழுதுவதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை.

ரூட்_யூசர் சொன்னது:

மேலே சொன்னதோட சேர்த்து: கணினியோட லேன் கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையா இருந்தா ஆஃப் பண்ணுங்க. தம்பிகிட்ட சொல்லுங்க, ஃபார்மேட் இப்போ கூடாது. அதுக்கு முன்னாடி அக்கவுன்ட்ஸ்தான் அவசரம். அதை அந்தக் கணினியில செய்யாதீங்க, சுத்தமான ஃபோன்ல செய்யணும்.

கேம் மோட்ல வர்றது பெரும்பாலும் தகவல் திருடும் மால்வேர். ப்ரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டு எல்லாத்தையும் அள்ளும், கூடவே குக்கியையும் (நீங்க லாகின் ஆனதை ப்ரவுசர் நினைவு வச்சுக்கிற சின்ன ஃபைல்) எடுக்கும். குக்கி இருந்தா அவனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபி-யும் வேண்டாம், ஏற்கெனவே லாகின் ஆன மாதிரியே உள்ளே போயிடுவான். அதனால பாஸ்வேர்டு மாத்தினா மட்டும் போதாது, லாகின் ஆகி இருக்கிற எல்லா செஷனையும் வெளியேத்தணும்.

முதல்ல ஜிமெயில், மத்த எல்லா அக்கவுன்டோட சாவியும் அதுலதான் இருக்கு. கூகுள் அக்கவுன்ட்ல செக்யூரிட்டி, அதுல யுவர் டிவைசஸ். தெரியாதது மட்டுமில்ல, அந்த டெஸ்க்டாப்பையும் சைன் அவுட் பண்ணுங்க. பாஸ்வேர்டு மாத்துங்க. ரெக்கவரி மெயிலும் ஃபோன் நம்பரும் அவளோடதுதானான்னு பாருங்க, அங்கே தன்னோடதை வச்சிட்டா அவன் எத்தனை தடவை வேணும்னாலும் திரும்பி வருவான். அக்கவுன்டோட இணைச்சிருக்கிற வெளி ஆப்களோட அனுமதிகள்ல தெரியாததை எல்லாம் நீக்குங்க. டூ ஸ்டெப்புக்கு (பாஸ்வேர்டுக்கு அப்புறம் ரெண்டாவது சரிபார்ப்பு) எஸ்எம்எஸ்-ஸை விட அத்தென்டிகேட்டர் ஆப் நல்லது. பேக்கப் கோட்ஸ் 10 வரும், பேப்பர்ல எழுதி வைங்க.

இன்னொன்னு பல பேர் தவற விடுவாங்க: மெயில் ஃபார்வர்டிங், ஃபில்டர். இந்த செட்டிங்ஸ் ஜிமெயில் ஆப்ல முழுசா தெரியாது. ஃபோன் ப்ரவுசர்ல டெஸ்க்டாப் சைட் போட்டு, செட்டிங்ஸ் உள்ளே ஃபில்டர்ஸ், ஃபார்வர்டிங், அக்கவுன்ட்ஸ் மூணு டேபையும் பாருங்க. எச்சரிக்கை மெயில் வந்தா நேரா ட்ராஷுக்குப் போற மாதிரி ஃபில்டர் வச்சிருந்தா, அவன் உள்ளே இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது டெலிகிராம். கணினியில டெலிகிராம் இருந்திருந்தா அதோட செஷன் ஃபைலும் போயிருக்கும். செட்டிங்ஸ், டிவைசஸ், மத்த எல்லா செஷனையும் டெர்மினேட். இதை அவ வழக்கமா பயன்படுத்துற பழைய ஃபோன்ல இருந்து செய்யுங்க. புதுசா லாகின் பண்ணின செஷனால முதல் 24 மணி நேரத்துக்கு மத்த செஷன்களை வெளியேத்த முடியாது. வாட்ஸப்ல லிங்க்டு டிவைசஸ் எல்லாம் லாக் அவுட், 6 இலக்க பின் போடுங்க. அப்புறம் இன்ஸ்டா, ஃபேஸ்புக், நெட் பேங்கிங், டிஜிலாக்கர். கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர்ல இருக்கிற பட்டியலை வச்சு ஒவ்வொண்ணா மாத்துங்க, அந்தப் பட்டியல் முழுக்க அவன் கையில இருக்குன்னு எடுத்துக்கணும்.

ஃபாலோயர் லிஸ்ட், ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட் மறைச்சு வைங்க. அக்கவுன்டை டிலீட் பண்ணாதீங்க, ஆதாரம் போயிடும். வேணும்னா தற்காலிகமா டீஆக்டிவேட் பண்ணலாம்.

மலைக்கோட்டை23 சொன்னது:

மிக்க நன்றி. 1930-இல் சொல்லியாயிற்று, புகார் எண் வந்தது. கணக்குகள் மாற்றிக்கொண்டிருக்கிறோம். கேபிளைப் பிடுங்கும் முன்பே தம்பி விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் போட்டிருக்கிறான், ஒன்றும் இல்லை என்று வந்ததாம். அப்படியானால் கணினி சுத்தம்தானே? அதில் சித்தப்பா கடையின் டேலி கணக்கு டேட்டா வேறு இருக்கிறது, அதை இழக்க முடியாது.

சால்டரிங்_மணி சொன்னது:

சுத்தம் என்று அர்த்தம் இல்லை. இந்த வகை மால்வேர் பலவும் ஒரே தடவை ஓடி, அள்ளியதை அனுப்பிவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்ளும். ஸ்கேன் செய்யும்போது கண்டுபிடிக்க அங்கே எதுவும் மிச்சமிருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. மோட் தருகிறவர்கள் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாகத் தருவார்கள், ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்க முடியாது. "டிஃபெண்டரை ஆஃப் செய்து நிறுவவும்" என்று குறிப்பும் இருக்கும். தம்பியைத் திட்டாமல் கேளுங்கள், அப்படிச் செய்தானா என்று. விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே சி டிரைவோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ சேர்ந்திருந்தால், ஸ்கேன் அந்த இடத்தைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. எனிடெஸ்க், அல்ட்ராவியூவர் மாதிரி தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ஆப் ஏதாவது யாரும் நிறுவாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பார்த்தது போதும். அதற்கு மேல் நோண்ட நோண்ட ஃபைல்களின் தேதிகள் மாறும்.

டேலி டேட்டாவும் வேண்டும், ஆதாரமும் வேண்டும் என்றால் ஃபார்மேட்டே தேவையில்லை. கணினியை ஷட்டவுன் செய்து, உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, வேறு புது எஸ்எஸ்டி போடுங்கள். 256 ஜிபி போதும். பழைய டிஸ்க்கின் இணைப்பு சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று பார்த்து வாங்குங்கள். பழையதை ஆன்டிஸ்டேடிக் கவரில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, காவல்துறை கேட்டால் கொடுக்க வைத்திருங்கள். கழற்றும் முன் ஒன்று: விண்டோஸ் 11-இல் பல கணினிகளில் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகி (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) இருக்கும். வேறு கணினியில் செருகினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும், முதலில் ஃபோனிலிருந்து எடுத்து எழுதிவையுங்கள். அந்த அக்கவுன்ட் பாஸ்வேர்டையும் மாற்ற மறக்காதீர்கள்.

வேறு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் போட்டு, அதிலிருந்து புது எஸ்எஸ்டி-யில் நிறுவுங்கள். புது டிஸ்க் வாங்க முடியாவிட்டால், புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் கேட்ட பிறகே பழையதை அழிக்க வேண்டும். அப்போதும் "ரீசெட் திஸ் பிசி, கீப் மை ஃபைல்ஸ்" வழி வேண்டாம், மோட் ஃபைல் டவுன்லோட்ஸில் அப்படியே உட்கார்ந்திருக்கும். பென் டிரைவிலிருந்து பூட் செய்து, அந்த டிஸ்க்கின் எல்லா பார்ட்டிஷனையும் நீக்கி, அன்அலோகேட்டட் என்று ஒரே இடமாக வந்த பிறகு நிறுவுங்கள்.

பழைய டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுக்க, யுஎஸ்பி அடாப்டரில் செருகி, உபுன்டு என்ற லினக்ஸை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே (லைவ் யுஎஸ்பி) ஓடவிட்டு, டிஸ்க்கில் எதுவும் எழுதாதபடி ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்து காப்பி செய்யுங்கள். விண்டோஸ் மால்வேர் அங்கே ஓடாது. எடுக்க வேண்டியது டேலியின் டேட்டா ஃபோல்டர், படங்கள், பிடிஎஃப். எக்ஸ்இ, பேட், எஸ்சிஆர், ஐஎஸ்ஓ, ஜிப், ஷார்ட்கட் எதையும் எடுக்காதீர்கள். டேலியைப் புதிதாக இறக்கி நிறுவி, டேட்டா பாதையை மட்டும் காட்டினால் போதும்.

கடைசியாக ஒரு கண்ணி. புது விண்டோஸில் க்ரோமைத் திறந்து சிங்க் ஆன் செய்தவுடன், பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் தானாக இறங்கும். கெட்ட எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதுவும் வந்துவிடும். சிங்க் செட்டிங்ஸில் எக்ஸ்டென்ஷனை அணைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் கையால் நிறுவுங்கள். தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டு யூசர் கணக்கு, அட்மின் பாஸ்வேர்டு தம்பிக்குத் தெரிய வேண்டாம்.

வயர்லெஸ்_வள்ளி சொன்னது:

ரவுட்டரையும் பாருங்க. முதல்ல நெட் இணைப்புக்கான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண்ணைக் குறிச்சு வைங்க, இல்லாட்டி ரீசெட் பண்ணின அப்புறம் நெட்டே வராம சர்வீஸ்காரருக்குக் காத்திருக்கணும். பின்பக்க ஓட்டையில ஊசியால 10 விநாடி அழுத்தினா ரீசெட் ஆகும். அட்மின் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு ரெண்டும் மாத்தி, ரிமோட் மேனேஜ்மென்டும் டபிள்யூபிஎஸ்-ஸும் (பாஸ்வேர்டு இல்லாம வைஃபையில சேர்க்கிற வசதி) ஆஃப் பண்ணி, டிஎன்எஸ்-ல (தளங்களோட முகவரியைத் தேடித் தர்ற செட்டிங்) தெரியாத முகவரி இல்லைன்னு பாருங்க.

படங்கள் பரவாம தடுக்க: ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜி. 18 வயது தாண்டினவங்களுக்கான சேவை. படத்தை எங்கேயும் ஏத்த வேண்டாம், அவ ஃபோன்லயே ஒரு ஹேஷ் (படத்தோட கைரேகை மாதிரி ஒரு குறியீடு) உருவாகி அது மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ரெடிட் மாதிரி சேர்ந்திருக்கிற தளங்கள்ல அந்தப் படம் வந்தா அடையாளம் கண்டுடும். என்க்ரிப்ட் ஆன தனி மெசேஜ்ல இது வேலை செய்யாது. வெட்டியோ மாத்தியோ போட்டா பொருந்தாமப் போகலாம், அப்போ அந்த வடிவத்தையும் தனியா பதியணும். படம் எடுத்தப்போ 18 ஆகலைன்னா இது வேண்டாம், டேக் இட் டவுன்னு தனி சேவை இருக்கு.

எங்கேயாவது படம் வெளியானா அந்தத் தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு லிங்க்கோட எழுதுங்க. 2021 ஐடி விதிகள் இந்த மாதிரிப் படத்தை நீக்க 24 மணி நேரம்தான் கெடு வச்சது. அவ சார்பா நீங்களும் எழுதலாம்.

இனிமே "ஹேக்கரோட ஃபோனிலிருந்தே அழிச்சுத் தரேன்"னு இன்பாக்ஸ்ல யாராவது வருவாங்க. இங்கேயும் வருவாங்க. யாராலயும் அப்படி அழிக்க முடியாது, அது அடுத்த மோசடி.

அந்தப் பொண்ணை இந்த ரெண்டு மூணு நாள் தனியா விடாதீங்க. ராத்திரி தூக்கம் வரலைன்னா, பேசணும்னா 14416, அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ், தமிழ்லயே பேசுவாங்க. நெருங்கின தோழி ரெண்டு பேர்கிட்ட அவளே முன்கூட்டிச் சொல்லிட்டா, "எல்லாருக்கும் அனுப்பிடுவேன்"ங்கிற மிரட்டல்ல பாதி வலு போயிடும்.

நீதிப்படி சொன்னது:

வள்ளி சொன்ன ஹேஷ் வேலையை இன்றைக்கே முடியுங்கள், நாளை இரவுக் கெடுவுக்கு முன். ஆன்லைன் புகார் கொடுத்ததோடு நின்றுவிட வேண்டாம். மின்னணு வழியில் தந்த தகவலுக்கு மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட்டால்தான் அது முறைப்படி பதிவாகும். போகும்போது 1930 புகார் எண், வங்கி ஸ்டேட்மென்ட், அடையாள அட்டை நகல், ரெக்கார்டிங் இருக்கும் ஃபோன் நாலையும் எடுத்துப் போங்கள். பழைய டிஸ்க்கை அவர்கள் வாங்கினால் அதன் சீரியல் எண் எழுதிய ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.