மாடல் வந்துவிட்டது, படங்களைக் காணோம்: எக்ஸ்.எம்.ஐ. பற்றி ஒரு கேள்வி

பெட்டிகோடு:
வணக்கம். ஐந்து வருடமாக எங்கள் குழு யூ.எம்.எல். மாடலை (மென்பொருளின் அமைப்பைப் பெட்டியும் கோடுமாகக் காட்டும் வரைவு) ஒரு கட்டணக் கருவியில்தான் வைத்திருக்கிறது. 340 கிளாஸ் (ஆர்டர், வாடிக்கையாளர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி), 62 படம். இந்த மாதக் கடைசியோடு லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்கக் காசில்லை என்று மேலிடம் கைவிரித்துவிட்டது. "எக்ஸ்.எம்.ஐ.யாக எடுத்து பாப்பிரஸில் போடு, அரை நாள் வேலைதானே" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எக்ஸ்.எம்.ஐ. என்பது கருவிக்குக் கருவி மாடலைக் கொண்டுபோகும் பொதுவான கோப்பு வடிவம், பாப்பிரஸ் ஒரு இலவசக் கருவி.

எடுத்தேன், போட்டேன். இடப்பக்கப் பட்டியலில் 340 கிளாஸும் சமர்த்தாக நிற்கின்றன. படம் ஒன்றுகூட இல்லை. ஆர்டர் கிளாஸைத் திறந்தால் 'அளவு', 'விலை' என்று பெயர்கள் இருக்கின்றன, டைப் (எண்ணா, எழுத்தா என்ற வகை) இருக்க வேண்டிய இடம் காலி. நாங்கள் உருவாக்கிய 'ஆடிட்' ஸ்டீரியோடைப்பும் (கிளாஸ்மேல் ஒட்டும் எங்கள் சொந்த அடையாளச் சீட்டு) போன இடம் தெரியவில்லை. பிழை என்று ஒரு வரியாவது வந்திருந்தால் தேடிப் பார்ப்பேன், அதுவும் வரவில்லை. ஏற்றுமதி செய்யும்போது எதையாவது டிக் பண்ண மறந்துவிட்டேனா?

பழையகணக்கு:
நீ எதையும் மறக்கவில்லை தம்பி. எக்ஸ்.எம்.ஐ. எடுத்துப்போவது மாடலை மட்டும். ஆர்டருக்கும் வாடிக்கையாளருக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும். ஆர்டர் பெட்டி எந்த மூலையில் இருந்தது, கோடு எங்கே மடங்கியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இந்தத் தரங்களை வெளியிடும் ஓ.எம்.ஜி. அமைப்பு சும்மா இருக்கவில்லை. படத்துக்கென்று 2006இல் டயகிராம் இன்டர்சேஞ்ச் என்ற தரத்தை வெளியிட்டார்கள், கருவிக்காரர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2012இல் டயகிராம் டெஃபினிஷன் என்று இன்னொரு தரம். 2015இல் வந்த யூ.எம்.எல். 2.5இல் இதற்கென்று தனிப் பின்னிணைப்பே இருக்கிறது. ஆனாலும் நடைமுறையில் அவரவர் படம் அவரவர் பெட்டியில்தான். பாப்பிரஸையே பார், மாடலை ஒரு கோப்பிலும் படத்தை நொட்டேஷன் என்ற இன்னொரு கோப்பிலும் வைக்கிறது.

ஒரு வேலை செய். உன் எக்ஸ்.எம்.ஐ. கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து 'எக்ஸ்டென்ஷன்' என்று தேடு. அது எத்தனை வரி, உள்ளே என்ன என்று சொல்.

ராப்பிசாசு:
பேசாமல் பிளான்ட்யூ.எம்.எல்.லுக்கு மாறிவிடுங்கள். எழுத்தில் சொன்னால் அதுவே படம் வரைந்துகொள்ளும். எல்லாம் வெறும் எழுத்து, கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) போட்டால் வித்தியாசமும் தெரியும்.

பெட்டிகோடு:
@ராப்பிசாசு 340 கிளாஸை யார் தட்டச்சு செய்வது, நீங்கள் வருகிறீர்களா? :) அதோடு அங்கே பெட்டியை நான் வைத்த இடத்தில் நிற்கவைக்க முடியாது. ஒரு அம்புக்குறி சேர்த்தால் மொத்தப் படமும் புரண்டு படுக்கிறது. எங்கள் ஆட்கள் "பேமென்ட் வலது மேல் மூலை" என்று இடத்தை வைத்துத்தான் படத்தையே ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

@பழையகணக்கு அண்ணே, திறந்தேன். கோப்பில் பாதிக்கு மேல் அந்த எக்ஸ்டென்ஷன்தான்! பெட்டிகளின் இடம், வலம், அகலம், நிறம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. டைப் காணாமல் போனதற்கும் காரணம் அங்கேதான். 'அளவு' பண்பு 'இன்ட்' என்ற ஐடியைச் சுட்டுகிறது. அந்த 'இன்ட்' எங்கே என்று தேடிப் போனால், அதன் வரையறையும் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

பழையகணக்கு:
நினைத்தேன். எக்ஸ்டென்ஷன் என்பது ஒரு கருவி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு. அடுத்த கருவி அதைத் தாண்டிப் போகலாம் என்று தரமே அனுமதிக்கிறது, அதனால்தான் உனக்குப் பிழைச் செய்தி வரவில்லை. இரண்டு பேருமே விதியை மீறவில்லை, நடுவில் நீ மாட்டிக்கொண்டாய்.

யூ.எம்.எல். 2.5இன் சொந்த அடிப்படை டைப்புகள் ஐந்தே ஐந்து: இன்டிஜர், ஸ்ட்ரிங், பூலியன், ரியல், அன்லிமிடெட் நேச்சுரல். தேதி என்று ஒன்று கிடையாது. ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, உன் இன்ட்டை இன்டிஜருக்குத் திருப்பிவிடு. தேதி, டெசிமல் போன்றவற்றுக்கு மாடலுக்குள்ளேயே டேட்டாடைப் உருவாக்கிக்கொள்.

ஸ்டீரியோடைப் கதை வேறு. கிளாஸுக்கு ஒட்டிய ஸ்டீரியோடைப் கிளாஸுக்குள் எழுதப்படுவதில்லை. மாடல் முடிந்த பிறகு வெளியே தனி வரியாக நின்று, "நான் இன்ன கிளாஸைச் சேர்ந்தவன்" என்று கைகாட்டும். அந்த வரியைப் புரிந்துகொள்ள, ஸ்டீரியோடைப்புகளை வரையறுக்கும் ப்ரொஃபைல் முதலில் வந்திருக்க வேண்டும். ப்ரொஃபைலைத் தனியாக எடுத்தாயா?

பெட்டிகோடு:
இல்லை… தனியாக எடுக்க வேண்டும் என்றே தெரியாது.

(மூன்று நாள் கழித்து)

பெட்டிகோடு:
நிலவரம் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்ட் 40 வரிக்குள் முடிந்தது, டைப்புகள் எல்லாம் வந்துவிட்டன. ப்ரொஃபைலை ஏற்றுமதி செய்து பார்த்தேன், ஒத்துவரவில்லை. எங்களிடம் இருந்ததே நாலு ஸ்டீரியோடைப், பாப்பிரஸிலேயே புதிதாக உருவாக்கிக் கையால் ஒட்டினேன். அரை நாள் வேலைக்கு இதுவே ஒரு நாள்.

படங்களுக்கு, குழுவில் ஒவ்வொருவரிடமும் "கடைசியாக எந்தப் படத்தைத் திறந்தாய்?" என்று கேட்டேன். 62இல் 11 தேறியது! மீதி 51ஐயும் லைசென்ஸ் இருக்கும்போதே எஸ்.வி.ஜி. படக் கோப்பாக எடுத்து விக்கியில் போட்டுவிட்டேன். பதினொன்றில் பத்தை, பெட்டிகளை இழுத்துப் போட்டுப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். பேமென்ட் வலது மேல் மூலையிலேயே இருக்கிறது.

பாக்கி ஒன்று, லாகின் சீக்வென்ஸ், அதாவது எந்தச் செய்தி எந்த வரிசையில் போகிறது என்று காட்டும் படம். செய்திகள் எல்லாம் வந்திருக்கின்றன, ஆனால் கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே "வரவேற்கிறோம்" போகிறது. இது எதனால் அண்ணே?

பழையகணக்கு:
எது முன், எது பின் என்பது செய்திப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு செய்திக்கும் அனுப்பும் நிகழ்வு, பெறும் நிகழ்வு என்று இரண்டு துண்டு உண்டு. கோப்பில் அந்தத் துண்டுகள் நிற்கும் வரிசைதான் கணக்கு. ஒரு கருவி அவற்றை வேறு வரிசையில் எழுதிவிட்டால் அடுத்த கருவி அதையே நம்பும். எத்தனை செய்தி இருக்கிறது அதில்?

பெட்டிகோடு:
ஒன்பது.

பழையகணக்கு:
ஒன்பதுக்கு ஸ்கிரிப்ட் எதற்கு? உட்கார்ந்து வரைந்துவிடு.