‘கீ’ என்பதற்குத் ‘திறவி’: பைத்தான் அகராதிக் கலைச்சொற்கள் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

பைத்தான் நிரல்மொழியில் தகவல்களை இணை இணையாகச் சேமிக்கும் கொள்கலனான ‘டிக்‌ஷனரி’க்கு அகராதி, நிகண்டு, இணைப்பட்டியல் ஆகிய மூன்று பெயர்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எதை ஏற்பது என்பதைவிட, அதிலுள்ள ஒரு மதிப்பைத் தேடி எடுக்க நாம் கொடுக்கும் ‘கீ’க்கு என்ன பெயர் என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது எனக் கருதுகிறேன். நிரல் எழுதுபவர் கொள்கலனின் பெயரை ஒருமுறை சொன்னால், கீயின் பெயரைப் பத்துமுறை சொல்ல நேர்கிறது.

கொள்கலனைப் பொறுத்தவரை என் வாக்கு ‘அகராதி’க்கே. அகரத்தை ஆதியாகக் கொண்ட வரிசை என்பது அச்சொல்லின் பொருள், பைத்தானோ பதிவுகளை நாம் உள்ளிட்ட வரிசையைத்தான் காக்கிறது (2018-இல் வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து இது மொழியின் உறுதிமொழி) என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் இன்று அகராதி என்றதும் நம் மனத்தில் எழுவது வரிசையன்று. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய விளக்கத்தைத் தரும் நூலே எழுகிறது. பைத்தானின் அகராதி செய்வதும் அதே வேலைதான். நிகண்டு என்னும் பெயர் அழகானது என்றாலும் இங்கே பொருந்தாது. தெய்வப் பெயர், மக்கட்பெயர் எனத் தொகுதி தொகுதியாகச் செய்யுளில் அமைந்த நிகண்டுகள் மனப்பாடத்துக்கானவை. முன்பின் அறியாத ஒரு சொல்லை அவற்றில் தேடிப் பிடிப்பது அரிது. 1732-இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி அகர வரிசையைக் கைக்கொண்டதன் பயனே, வேண்டிய இடத்தை நேரே சென்று அடையலாம் என்பதுதான். பட்டியல் என்பதை ‘லிஸ்ட்’டுக்குக் கொடுத்துவிட்டதால் ‘இணைப்பட்டியல்’ குழப்பத்தையே தரும்.

பயிற்றுவிப்போர் ஒன்றை மட்டும் எச்சரித்தாக வேண்டும். அகராதி என்ற பெயரை நம்பி அகர வரிசையை எதிர்பார்க்கும் மாணவர் வரிசைப்படுத்தும் ‘சார்ட்டட்’ செயற்கூற்றை நாடினாலும், அது ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோட் தரம் அளித்துள்ள எண்களின்படியே அடுக்குவதால், னகரம் பகரத்துக்கு முன் வந்து, ‘கனம்’ ‘கபம்’ என்பதற்கு மேலே நிற்கும். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதி எழுத்து அல்லவா!

இனி ‘கீ’. ‘தலைச்சொல்’ என்பது அகராதிக் கலையிலிருந்தே வருவதால் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் எண்ணும், மாற்றவியலாத தொடர்களும் (‘டியூப்பிள்’) கூடக் கீயாக வரக்கூடும் என்பதால் ‘சொல்’ என்று முடியும் எதுவும் தவறான எல்லையை வகுத்துவிடும். ‘குறி’ சிறிய சொல்; ஆனால் இல்லாத கீயைக் கேட்டால் வரும் ‘கீ எரர்’ என்பதைக் ‘குறிப்பிழை’ என்று எழுதிப் பாருங்கள், குறியில் பிழையா, குறிப்பில் பிழையா என்று படிப்பவர் தடுமாறுவார். ‘திறவுகோல்’ மறையாக்கத்தில் ‘பொதுத் திறவுகோல்’ என வழங்குவதை அங்கேயே விட்டுவிடலாம். உலாவி, செயலி, வருடி ஆகியவை நிலைபெற்ற அதே வழியில் ‘திறவி’ என்பதை முன்மொழிகிறேன். திறவி–மதிப்பு இணை, திறவிப்பிழை, உள்திறவி எனக் கிளைச்சொற்கள் இடறாமல் வருகின்றன. ‘வேல்யூ’வுக்குப் ‘பொருள்’ என்றால் ‘பொருள்’ என்றே வழங்கும் ‘ஆப்ஜெக்ட்’டோடு மோதும், எனவே ‘மதிப்பு’ போதும்.

இச்சொல்லின் பொருத்தத்தை எனக்கு உணர்த்தியது ஒரு பிழைதான். சொற்களின் எண்ணிக்கையைச் சேமித்து வைத்திருந்த என் அகராதியில் ‘கொடி’ என்னும் பதிவு இருந்தது. திரையில் அச்சிட்டுப் பார்த்தபோதும் கண்ணெதிரே இருந்தது. ஆனால் கேட்டபோதெல்லாம் திறவிப்பிழையே வந்தது. சேமித்தது, கேட்டது ஆகிய இரண்டு சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) நீளத்தையும் அளந்த பின்னரே உண்மை விளங்கிற்று: ஒன்றின் நீளம் 4, மற்றதன் நீளம் 5. ஒன்றில் ஒகர உயிர்க்குறி ஒரே குறியீடாகவும், மற்றதில் ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் பதிவாகியிருந்தன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சாவிகளுள் ஒன்றுதான் பூட்டைத் திறக்கும் என்பது போன்ற நிலை அது. சரங்களை உள்ளிடும்போதும் தேடும்போதும் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியின் ‘நார்மலைஸ்’ கொண்டு ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின் சிக்கல் தீர்ந்தது. தமிழ்ச் சரங்களைத் திறவிகளாக வைக்கும் எவரும் இதைத் தொடக்கத்திலேயே செய்துகொள்ள வேண்டுகிறேன்.

எஞ்சியிருப்பது ‘ஹேஷபிள்’, அதாவது திறவியாக வைக்க இயலுமாறு ‘ஹேஷ்’ என்னும் எண்ணைக் கணிக்கத்தக்கது. ‘ஹேஷ்’ என்பதற்கு நாம் இன்னும் சொல் வகுக்காத நிலையில், அகராதி குறித்த பாடங்களிலாவது அதைத் ‘திறவியாகத்தக்க’ என்று பயன்வழியே சொல்லலாம். அப்போது பட்டியலைத் திறவியாக வைக்க முயன்றவருக்கு வரும் பிழைச்செய்தியைப் ‘பட்டியல் திறவியாகாது’ என்று இரண்டே சொற்களில் எழுதிவிடலாம்.